நானாவின் படகு

வெள்ளி இரவு

ஒலிம்பிக் தெரிவுக்கு நான் கட்டமரான் என்ற இரட்டை உடல் பாய்ப்படகைத் தேர்ந்தேன். அதை ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் ஓட்டவேண்டும்.

"அந்நிய ஆம்புளையோட கடலுக்கா? ஏலாது மகள்," என்றார் வாப்பா, சாப்பிடும்போது.

தனிப்படகில் இத்தனை வருடம் பயிற்சி செய்த என் அண்ணன், நானா, நிமிராமலே சொன்னார்: "நான் அவளோட போறன் வாப்பா. என்ட படகை விட்டுர்றன்."

வாப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்காத மீன் தலையை எடுத்து நானாவின் சோற்றுப் பீங்கானில் வைத்தார். அவர் சம்மதித்துவிட்டார்.

கை கழுவும்போது நானா மெதுவாகச் சொன்னார்: "சுக்கான் நீ புடி. நீதான் என்னைவிட நல்லா ஓட்டுற."

அல்ஹம்துலில்லாஹ். அழுகை வருகிறது.

ஆனால் கடலில் நான் சொல்வதைக் கேட்பாரா? வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லையே.