பழைய கம்ப்யூட்டருக்குப் புதுக் கார்டு

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது.

போன மாதம் போனில் நீ சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. உங்கள் கம்பெனி செய்த கம்ப்யூட்டர் விளையாட்டில் நீ வரைந்தது மரங்கள் மட்டும்தான், ஓடுகிற ஓட்டத்தில் அதை யார் பார்க்கிறார்கள், வேலையை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றாய். அப்பா அன்றைக்குச் சரியாகவே சாப்பிடவில்லை. மறுநாள் நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைப் போட்டுப் பார்த்தார், மரமெல்லாம் வெந்த கீரை மாதிரி ஒரே பச்சையாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து, படத்தைக் காட்டுற கிராபிக்ஸ் கார்டு ரொம்பப் பழசுங்க, புதுசு போடணும், அது கரண்டு அதிகமாக இழுக்கும், பவர் சப்ளையையும் மாத்திடலாம் என்று இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். ஆனால் கொஞ்ச நேரம் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். அப்பா கடைக்காரரைப் போனில் பிடிபிடியென்று பிடித்தார். நான் தற்செயலாகப் பெட்டி மேல் கை வைத்தேன், சுட்டுவிட்டது. புதுக் கார்டாயிற்றே, தூசி போகக் கூடாதென்று நான்தான் பெட்டிக்கு இறுக்கமாக ஓர் உறை தைத்து மாட்டியிருந்தேன், காற்றாடி இருக்கிற பக்கத்தையும் விடவில்லை. கழற்றியதும் எந்தத் தகராறும் இல்லை. அப்பா கடைக்காரரிடம் இப்போ சரியாயிடுச்சுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார், என் மானம் தப்பியது.

இப்போது தினமும் சாயங்காலம் உட்கார்ந்துவிடுகிறோம். எதிரிகள் வந்து அப்பாவை வெட்டிச் சாய்த்துக்கொண்டே இருக்கிறார்கள், ஏனென்றால் அவர் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்க்கிறார். ஓடடா முட்டாளே என்று திரையில் எவனோ கத்துகிறான், அவர் காதிலேயே வாங்குவதில்லை. எனக்கு இலை அசைகிறது பிடித்திருக்கிறது. அழுகை வந்தது, சொல்வதில் என்ன இருக்கிறது.

வேலையை விடுவதும் இருப்பதும் உன் விருப்பம், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். கண்ணுக்கு ஓய்வு கொடு. எங்கள் ஆசி என்றும் உன்னோடு இருக்கும், மனம் நிறைந்து இரு. மறக்காமல் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. ஓடைக்கரை மரத்தில் பட்டை உரிந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அப்பா கேட்கிறார்.

உன் அம்மா