டிராகன் சாடி எந்தப் பக்கம்?

பீஜிங்

அன்புள்ள சூயுன்,

மூட்டுவலி குறைந்ததா? மூன்று செய்திகள்:
1. நான் நலம்.
2. பூச்சாடிகளில் சிறு குழப்பம்.
3. இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை.

நான் பாடம் சொல்லித்தரும் வீட்டில் முன்னோர் படையலுக்குப் பழைய நீல எனாமல் சாடிகளை நான்தான் அடுக்கினேன். காலமான பெரியவருக்குரிய டிராகன் சாடியை மரியாதைக்குரிய இடப்பக்கத்திலும், அவர் மனைவிக்குரிய பீனிக்ஸ் சாடியை வலப்பக்கத்திலும் வைத்தேன்.

அந்த வீட்டு மருமகள் சிரித்துவிட்டார். "வாத்தியாரே, யாரோட இடப்பக்கம்? உங்களுக்கா, எதிர்ல படத்துல நம்மளப் பாத்து உக்காந்திருக்கிற மாமனாருக்கா? அவர் எடத்துல மாமியாரை ஏத்திட்டீங்களே! உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான், போங்க!"

மாற்றி வைத்தேன். அதிலிருந்து இடம் வலமே பிடிபடவில்லை. சாப்பிடும்போது நீ எனக்கு எந்தப் பக்கம் உட்காருவாய்? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. மறக்காமல் எழுது. பஞ்சுக் காலுறையும் அனுப்பு.

தபால்காரர் கூப்பிடுகிறார். மூன்றாவதாக எழுதியது தவறு.

உன்
பிங்வென்