ரீடிங் இல்லாத கரண்ட் பில்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய ஆக்சிஜன் மெஷினும் நலமாக உறுமிக்கொண்டிருக்கிறது, கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. நீ நலமா என்று கேட்கத்தான் நினைத்தேன், ஆனால் இப்போதெல்லாம் லிங்க் வைத்துக் கேட்டால்தான் நீ பதில் போடுவாய் போலிருக்கிறது.

நீ அனுப்பிவைத்த அந்த ஈமெயிலை உன் அண்ணன் பிரிண்ட் எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான். 'பாப்பா நம்ம வீட்டு கரண்ட் பில்லைக் கட்டிட்டாளாம், இல்லைன்னா சாயங்காலம் ஆறு மணிக்குக் கட் பண்ணிடுவோம்னு வந்துச்சாம்' என்றான். படித்தேன். அடி அறிவுக்கொழுந்தே, இருபத்தெட்டு வருஷம் மின்சார ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பில் வாங்கினவள் பெற்ற பெண்ணா நீ? 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று ஆரம்பிக்கிறான். நாங்கள் எந்தக் காலத்தில் யாருக்காக வருந்தினோம்? கவுண்டரில் நிற்பவரை நிமிர்ந்து பார்த்தாலே பெரிய விஷயம். சரி, அதை விடு, இணைப்பு எண் எங்கே? முந்தைய ரீடிங் எங்கே, இப்போதைய ரீடிங் எங்கே? எத்தனை யூனிட் என்றே சொல்லாமல் ஒருத்தன் பில் போடுகிறான், கம்ப்யூட்டரில் பெரிய வேலை பார்க்கிற நீயும் கட்டுகிறாய். யார் வீடு என்றுகூட அதில் இல்லை, நீயாக நம் வீடு என்று நினைத்துக்கொண்டாய். லோகோ அச்சு அசலாக இருந்ததாம், லோகோவை உன் அண்ணன் மகள்கூட வெட்டி ஒட்டுவாள். அனுப்பியவன் முகவரியைப் பார்த்தாயா, ஆபீஸ் பெயருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணுமாக ரயில் மாதிரி நீள்கிறது. அதோடு அன்று ஞாயிற்றுக்கிழமை. ஃபியூஸ் போயிற்று என்று கூப்பிட்டாலே வராத எங்கள் லைன்மேன், ஃபியூஸைப் பிடுங்க ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாரா? மெஷின் ஓடுகிற வீடு என்று நானே ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பில்லையும் போன வாரமே கட்டிவிட்டேன். ஒரு போன் போட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

'அவளுக்கு ஒரு போன் போடக் கை வலிச்சுதா' என்று உன் அண்ணனிடம்தான் கத்தினேன். அவன் தயங்கித் தயங்கி, 'அம்மாகிட்ட கேட்டா இதுகூடவா தெரியாதுன்னு திட்டுவாங்கன்னு பயந்துட்டாம்மா, கரண்ட் போனா அப்பாவுக்கு என்ன ஆகுமோன்னு உடனே கட்டிட்டாளாம்' என்றான். அந்தக் களவாணிக்கு உன் அப்பாவையும் தெரியாது, மெஷினையும் தெரியாது, குத்துமதிப்பாக ஆயிரம் பேருக்கு அனுப்பியிருப்பான். அவனை நம்பினாய், என்னிடம் கேட்கப் பயந்தாய். அவனைத் திட்டலாம், உன்னையும் திட்டலாம், இதற்கு யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பாங்கில் சொல்லி கார்டை முடக்கு, பாஸ்வேர்டை மாற்று. இனி எந்தப் பில் வந்தாலும் அதிலிருக்கும் லிங்கைத் தொடாதே, முதலில் எனக்குப் போன் போடு. கண்டிப்பாகத் திட்டுவேன், அது என்னால் மாறாது, ஆனால் போனை வைத்துவிடாதே, நடுவில் பதிலையும் சொல்லிவிடுவேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார். 'எம்பொண்ணு எனக்காகத்தானே கட்டினா, அவளை ஒண்ணும் சொல்லாதே' என்றும் சொன்னார், மூச்சு வாங்க வாங்க இரண்டு தரம் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா