மகனைக் கேட்கும் கிழவன்

1819 மார்ச் 3, பாரிஸ்

மழை. பாஸ்டியனின் உடலைக் கேட்டு எழுதிய மனு மறுபடி திரும்பி வந்தது. புரட்சிக் காலத்துப் பழைய கொடியை ஏற்றிய ராஜத்துரோகிக்குக் கல்லறை கிடையாதாம். கீழே நீதிபதி வால்குரின் கையெழுத்து. என் பிள்ளையைச் சுடச் சொன்னதும் அதே கைதான்.

பெற்றவள் சிதோனி அடுப்பங்கரையை விட்டு எழுந்திருக்கவில்லை. "எந்தக் குழியில போட்டாங்கன்னாவது கேட்டீங்களா?" என்றாள். யாரைப் போய்க் கேட்க?

மார்ச் 9

கண்காட்சிப் படத்துக்குக் கதை கிடைத்துவிட்டது! கிழட்டு ராஜா பிரியாம், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலிஸின் காலில் விழுந்து பிணத்தைக் கேட்கிறான். கிரேக்கக் கதை என்றால் தணிக்கைக்காரன் வாயைத் திறக்கமாட்டான். ஹெக்டருக்கு என் பிள்ளையின் முகம். அக்கிலிஸுக்கு வால்குரின் முகம். கண்காட்சியில் ஊரே பார்த்துக் காறித் துப்பட்டும்.

மே 20

கூட்டாளி காஸ்பார் வந்து பார்த்தான். "அடப்பாவி, மூக்கு அச்சு அசல் அந்த வால்குரேதான்! உன்னையும் சுடணும்னு ஆசையா? சரி, தோளை எதுக்கு இவ்வளவு அழகா வரைஞ்சே?"

அக்கிலிஸை அழகில்லாமல் வரைய முடியுமா? நாற்பது வருஷப் பழக்கம், கை கேட்கமாட்டேன் என்கிறது.

ஜூன் 11

பாஸ்டியனின் காது எப்படி இருக்கும்? மறந்துவிட்டேன் — பெற்ற அப்பன்! சிதோனி தன் காதைத் தொட்டு, "இதேதான்," என்றாள்.

ஆகஸ்ட் 27

கண்காட்சி. எல்லாரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். வால்குரும்தான். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான், கண்ணில் தண்ணீர். "என்னைப் போய் அக்கிலிஸா வரைஞ்சிருக்கீங்களே! அதுக்கு நான் தகுதியா, சொல்லுங்க?" சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு பிணத்தைக் காட்டி, "நல்ல உடம்பு. யாரை நிக்க வச்சு வரைஞ்சீங்க?" என்றான்.



அக்டோபர் 14

அரண்மனை படத்தை வாங்கி வால்குருக்கே பரிசளித்துவிட்டது. அரண்மனை கேட்டு இல்லை என்ற ஓவியன் இந்த ஊரில் உண்டா? அவன் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறானாம்.

சிதோனி கத்தவில்லை. "மறுபடியும் அவன்கிட்டயே குடுத்துட்டீங்களே," என்றாள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். தெருவெல்லாம் பூவோடு போகிறார்கள். "அந்த முகத்தை ஒரு தடவை பாக்கணுங்க," என்றாள் சிதோனி.

கூட்டிக்கொண்டு வால்குர் வீட்டுக்குப் போனேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை — படத்தை — பார்க்க அனுமதி கேட்டேன்.

"ஐயா சாப்பிட்டுக்கிட்டிருக்காரு. நாளைக்கு வாங்க," என்றான் வேலைக்காரன்.

நாளைக்குப் போக வேண்டும்.