கேற்றடியில் நின்ற பிள்ளைகள்

அன்ரி,

இன்று காலை இங்கே லண்டனில், ரெய்னர்ஸ் லேன் கடையொன்றில் பருப்புப் பைகளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கார்பாலிக் சோப் அடுக்கியிருந்தார்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அவ்வளவுதான், வாங்கப் போன சாமானெல்லாம் மறந்துபோயிற்று. வெறுங்கையோடு வெளியே வந்து இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டேன். வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் வயதாகித் தனியே இருந்த உங்களுக்கு உதவ நகரக் கவுன்சில் என்னை உங்கள் வீட்டுக்கு அனுப்பியது. கிழமைக்கு மூன்று நாள், சமைக்கவும் துடைக்கவும். போலந்துக்காரியின் ஆங்கிலமும் யாழ்ப்பாணத்துக்காரியின் ஆங்கிலமும் இரண்டும் நொண்டி. எப்படியோ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன. நான் துடைத்த இடத்தையே நீங்கள் அந்தச் சோப்பால் திரும்பத் துடைப்பீர்கள். "பிறகேன் நான்?" என்று தமிழிலேயே முணுமுணுப்பேன்.

என் அறையில் போன் இல்லாததால் உங்கள் நம்பரைத்தான் கொழும்புக்குக் கொடுத்திருந்தேன். ஆறு வயது மகள் அங்கே, வெளிநாடு போகிறவர்கள் தங்கும் லொட்ஜில் என் அக்காவோடு இருந்தாள். ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்ட் ஒருவன் அவளை லண்டனுக்குக் கூட்டிவர வேண்டும். புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம் அக்கா போன் எடுத்தாள்.

"பிள்ளை வரமாட்டன் எண்டு அடம்பிடிக்குது. அம்மா போட்டு வாறன் எண்டு சொன்னவவாம், தான் போனால் அவ வந்து ஆரைத் தேடுறது எண்டு கேக்குது. வாசல் கேற்றடியிலையே நிக்குது, சாப்பாடும் இல்லை. நாளைக்கு ஏறாட்டி ஏஜென்ட் வேறை பிள்ளையைக் கொண்டு போயிடுவான். 'ஏஜென்ட் மாமாவோடை கடைக்கு வா, அம்மா அங்கை நிக்கிறன்' எண்டு சொல்லு. அரை மணித்தியாலத்திலை திரும்ப எடுக்கிறன்."

போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன். எங்கள் சனத்தில் எவர்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும்? கடல் தாண்டி ஓடும்போதும் கடைக்குப் போவதுபோல அதையே சொல்லிவிட்டு வந்தேன். அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

என்னவென்று கேட்டீர்கள். சொன்னேன். கடைக்கதையைத்தான் சொல்லப்போகிறேன், வேறு வழியில்லை என்றேன். நீங்கள் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி, அதுவரை சொல்லாததைச் சொன்னீர்கள்.

ஜெர்மன்காரர் உங்கள் ஊரைப் பிடித்து, யூதர்களை மதிலுக்குள் நாலு தெருவில் அடைத்து வைத்திருந்த காலம். நீங்கள் இருபத்திரண்டு வயது நேர்ஸ். தொற்றுக்காய்ச்சல் பார்க்க உள்ளே போவதற்கு உங்களிடம் பாஸ் இருந்தது. வரும்போது அழுக்குத்துணி வண்டிக்குள் ஒரு பிள்ளையைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருவீர்கள். கார்பாலிக் மணம் அடித்தால் காவல்காரர் காய்ச்சலுக்குப் பயந்து ஒதுங்குவார்களாம். அப்படிப் பதினொரு பிள்ளைகள். வாசலில் ஒன்று அழுதாலும் எல்லோருக்கும் சாவு. ஆகவே ஒவ்வொரு தாயிடமும், 'நாளைக்கு வருகிறேன் என்று பிள்ளையிடம் சொல்' என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான்.

"ஒரு பிள்ளையும் அழவில்லை," என்றீர்கள். "ஒருத்தி மட்டும், நாங்கள் ஒளித்துவைத்த கன்னியர் மடத்தின் வாசல் படலையில் போய் நின்றாள். மழையிலும் நின்றாள். அங்கே போகும்போதெல்லாம் 'நாளைக்கு' என்று நானும் சொன்னேன். அந்தத் தாய்மாரில் ஒருத்தியும் வரவில்லை. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது. நீ உயிரோடு இருக்கிறாய்."

போன் அடித்தது. உங்களை மனத்துக்குள் திட்டிக்கொண்டே எடுத்தேன். உண்மையைச் சொல்லி, பிள்ளை ஏறாமல் விட்டால் யார் பொறுப்பு? அக்கா போனை மகளிடம் கொடுத்தாள்.

"அம்மா திரும்பி வரமாட்டன், குஞ்சு. ஏலாது. போட்டு வாறன் எண்டு சொன்னது என்ரை பிழை. நீதான் என்னட்டை வரவேணும். மாமாவோடை பிளேனிலை, கனதூரம். நான் இஞ்சை நிப்பன்."

அவள் கேட்டாள்: "அப்ப நான் கேற்றடியிலை நிக்கத் தேவையில்லையோ?"

"இல்லையம்மா."

"எனக்குப் பசிக்குது."

நான் அழுதேன். ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாத நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தீர்கள். அவள் வந்து சேர்ந்தாள். இன்று யூனிவர்சிட்டிக்குப் போகிறாள். வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்றால் "எத்தினை மணிக்கு?" என்று கேட்பேன். சிரிப்பாள், ஆனால் மணியைச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

உங்களைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. "நாளைக்கு வருவாயா?" என்று கேட்டீர்கள். எனக்கு மறுநாள் இரட்டை ஷிப்ட். நாளைக்கு முடியாது, வியாழக்கிழமை வருகிறேன் என்றேன். "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். புதன்கிழமை போய்விட்டீர்கள்.

வருகிறேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று இன்னும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. புதன்கிழமை முழுவதும் நீங்கள் எனக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கமாட்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். சில நாள் அதை நம்புகிறேன். சில நாள் முடிவதில்லை.

நீங்கள் இல்லையென்று தெரிந்தும் வியாழக்கிழமை வந்தேன், அன்ரி. சொல்லியிருந்தேன் அல்லவா.