தண்ணீர் மிச்சம்

ஜனவரி 15, புதன்

வாடை தணிவு. நல்ல வெயில். உடுப்புத் தோய்த்தாயிற்று. கழுதை ஒன்று வேலியால் தலையை நீட்டி என் துவாயின் நுனியைச் சப்பிவிட்டது. திரும்பத் தோய்ப்பு.

செய்ய: கொழும்புச் சுற்றுலா ஏஜன்ருக்கு ஈமெயில். ஜீப்பின் படங்கள். சாமான் பட்டியல், ஆங்கிலத்தில்.

பின்னேரம் ரமீஸ் நானாவின் கராச். அண்ணாவின் ஜீப் மாதக்கணக்காக அங்கேதான். எங்கள் படகின் எஞ்சினை விற்று ஒரு அரசாங்கக் கந்தோர் ஏலத்தில் எடுத்தது. நாலு சில்லும் இழுக்கிற பழைய டீசல். ஆக்களை ஏற்றிக்கொண்டு போய் கடற்கரையில் இரவு தங்கவைத்து, பூநாரையும் மணல் திட்டும் காட்டப்போகிறாராம். வீட்டில் இப்போது வேறு கதை இல்லை.

இன்று பார்த்தது: பின் சீற்றுகளைக் கழற்றிச் சாமான் வைக்க இழுக்கிற லாச்சிகள். கூரையில் ராக், அதன்மேல் விரிக்கிற கூடாரம். பக்கத்தில் இழுத்துவிடும் தறப்பாள். இரண்டாவது பற்றரி. தண்ணீர்த் தாங்கி அண்ணாவின் கைவேலை, படகுக்குப் போடுகிற பைபரிலேயே செய்தது. மணலில் புதைந்தால் இழுக்க முன்னுக்குக் கம்பிவடம். வடத்தைக் கொழுவ மரம் இல்லாவிட்டால் மணலில் தாழ்க்க ஒரு நங்கூரம்!

"சில்லுப் பூட்டின படகு, தங்கச்சி," என்றார் ரமீஸ் நானா. அண்ணாவுக்குப் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"நீ படிச்சனீ. ஒருக்கா ஏறிப் பாத்து என்ன குறை எண்டு சொல்லு," என்றார் என்னிடம்.

ஏறினேன். உடனே தெரிந்தது. கக்கூசு இல்லை. வைக்க இடமும் விடவில்லை.

"ஒண்டும் குறையில்லை அண்ணா."

இங்கே எழுதவே கூசுகிறது. கடைசி வருட ஆய்வில் கருவாடு போடும் பெண்களைப் பற்றி எழுதினேன். 'சுகாதார வசதிகள்' என்று ஒரு அத்தியாயம் முழுக்க. விரிவுரையாளர்களுக்கு முன்னால் நின்று வாசித்தேன், குரல் நடுங்கவில்லை. அண்ணாவிடம் போய் "சுகாதார வசதி இல்லை" என்றால் சிரிப்பார். மற்றச் சொல் வாயில் வராது.

ஜனவரி 19, ஞாயிறு

பின்னேரப் பூசைக்குத்தான் போக முடிந்தது. உடம்பெல்லாம் மணல்.

நேற்று ஒத்திகைப் பயணம். அண்ணா, அவரின் மனைவி மச்சாள், ரமீஸ் நானா, நான். தலைமன்னார்ப் பக்கம், மணல் பாதையால் இறங்கி ஒரு வெட்டை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் உப்புத்தரை. இடுப்பளவு பற்றைகூட இல்லை. ஆள் குனிந்தாலும் எங்கிருந்தும் தெரியும்.

ரயருக்குக் காற்றுக் குறைத்து மணலில் ஓடினார்கள். வேண்டுமென்றே புதைத்தார்கள். நங்கூரத்தை மணலில் தாழ்த்தி வடத்தை இழுக்க ஜீப் உறுமிக்கொண்டு மேலே வந்தது. அண்ணா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். கல்யாணத்தன்றும் அவரை இப்படிக் கண்டதில்லை. மச்சாளும் அதையே சொன்னாள்.

இருட்டினதும் ஆண்கள் ஆளுக்கொரு திசையாக நடந்து போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

நான் காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு ஒன்றும் குடிக்கவில்லை. மச்சாளும் கோப்பையை வாய்வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டுபோய் வைத்தாள். அவளுக்கு நான் சொல்லவில்லை, அவளும் எனக்குச் சொல்லவில்லை. விடியப்புறம் கூடாரத்துக்குள் என் காலைச் சுரண்டினாள். இறங்கிப் போனோம். நான் துவாய் பிடிக்க அவள். அவள் பிடிக்க நான். தூரத்தில் கரைவலைக்காரர். கண்டிருப்பார்களோ. கண்டிருந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்திருக்குமோ. இன்று பூசையில் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணா தாங்கிக்குள் தடி விட்டுப் பார்த்தார்.

"பாருங்கோ! நாலு பேர் குடிச்சும் முக்கால்வாசி மிச்சம். தாங்கி பெரிசாப் போச்சு."

"பாதியா வெட்டினா ஐஸ் பெட்டி வைக்கலாம் மச்சான்," என்றார் ரமீஸ் நானா.

அண்ணா என்னைப் பார்த்தார். "என்ன, பாதித் தாங்கி காணுமோ?"

"ஓம் அண்ணா. போதும்."

மச்சாள் குசினிக்குள் போய்விட்டாள். அங்கே செம்போடு தண்ணீர் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஜனவரி 23, வியாழன்

மழைத் தூறல். வேலை இல்லாப் பட்டதாரிகள் கூட்டத்துக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

தாங்கியை வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் ஐஸ் பெட்டி, பார்க்க வடிவு.

ஏஜன்ர் போன் எடுத்தார். முதல் ஆக்கள் அடுத்த கிழமை வெள்ளி. கொழும்பிலிருந்து மகன், அவரின் மனைவி, தாய். இது நல்லபடி முடிந்தால் இந்த சீசன் முழுக்க ஆக்களை அனுப்புவாராம். அண்ணா போனை வைத்துவிட்டு அம்மாவைத் தூக்கிச் சுற்றினார். "விடடா, இடுப்பு!" என்று அம்மா கத்தினா. அப்பாகூடச் சிரித்தார். எஞ்சினை விற்றதிலிருந்து அவரும் அண்ணாவும் சரியாகக் கதைப்பதில்லை. இன்று, "நானும் ஒருநாள் ஏறிப் பாக்கத்தான் வேணும்," என்றார்.

வயதுபோன அம்மா ஒருவரும் வருகிறா. கட்டாயம் சொல்லவேண்டும். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டே சொல்லிப் பழகினேன். "அண்ணா, பொம்பிளையளுக்கு ஒரு வசதி…" "அண்ணா, கொழும்பு ஆக்கள் கேப்பினம்…" கொழும்பு ஆக்களின் தலையில் போட்டால் சொல்லலாம் போல இருந்தது. திரும்பினால் அண்ணா வாசலில்.

"ஆரோட கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை."

"தேங்காயோட கதைக்கிறாள் அம்மா! பட்டம் முத்திப்போச்சு!"

எல்லாரும் சிரிப்பு. நானும்.

ஜனவரி 31, வெள்ளி

தறப்பாளின் கீழ் இருந்து எழுதுகிறேன். எல்லாரும் கடலுக்குள் கால் நனைக்கப் போய்விட்டார்கள். காற்று உதட்டை வெடிக்க வைக்கிறது.

பூநாரை கண்டாயிற்று. மகன் நல்ல மனிதர், எல்லாவற்றையும் படம் எடுக்கிறார். மனைவி வெளிநாட்டில் வளர்ந்தவர். தாயை அன்ரி என்று கூப்பிடுகிறேன். கொழும்பில் இருந்தாலும் யாழ்ப்பாணப் பேச்சு. சாறி, அதற்கு மேல் மகன் வாங்கிக் கொடுத்த தொப்பி.

ஜீப் நின்றதும் மனைவி எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "டொய்லற் எங்க?"

அண்ணா கடலைப் பார்த்தார். ரமீஸ் நானா குனிந்து ரயரைப் பார்த்தார். நான் நிலத்தை. அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "ஓகே," என்று குடையும் மண்வெட்டியுமாக நடந்தார். திரும்பி வந்து, "நல்ல வியூ!" என்றார். மகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணாவும் அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்.

அன்ரி சிரிக்கவில்லை.

தேத்தண்ணி கொடுத்தேன். "ஆறட்டும் பிள்ளை," என்றார். பிறகு பார்த்தால் அவரின் கதிரைக்குப் பின்னால் மணலில் ஈரம். கோப்பை வெறுமை. மத்தியானம் ரசம் வேண்டாம், இளநீர் வேண்டாம். பொரித்த மீனில் இரண்டு துண்டு. நாக்கால் உதட்டைத் தடவித் தடவிக்கொண்டு இருந்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். என் போத்தலும் காலையில் நிரப்பியபடியே இருக்கிறது.

"வாங்கோ அன்ரி, நான் துவாய் பிடிக்கிறன்." இவ்வளவுதான் சொல்லவேண்டும். துவாயை எடுத்தேன். மடித்தேன். விரித்தேன். மகன் பக்கத்தில் நின்றார். திரும்ப மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

வருகிறார்கள்.

பெப்ரவரி 1, சனி

மன்னார் ஆஸ்பத்திரி. வாசல் வாங்கில் இருந்து எழுதுகிறேன். அன்ரிக்கு சேலைன் ஏறுகிறது.

காலையில் பழைய இறங்குதுறையைப் பார்க்க நிறுத்தினோம். ஜீப்பால் இறங்கின அன்ரி அப்படியே சரிந்தார். நெற்றி கால்மிதியில் அடித்து வெடிப்பு. கண் மேலே போய்விட்டது. மகன் "அம்மா, அம்மா" என்று கத்தின சத்தம் இன்னும் காதில். அண்ணா ஜீப்பை ஓட்டின ஓட்டம். வழிநெடுக ஹோர்ன்.

டொக்டர்: "தண்ணி குடிக்கேல்லையோ அம்மா?"

"தாகம் வரேல்லை," என்றார் அன்ரி.

மகன் அண்ணாவைப் பார்த்தார். "உங்களை நம்பித்தானே கூட்டிக்கொண்டு வந்தனான்?"

"தண்ணி இருந்தது ஐயா. தாங்கியில இன்னும் மிச்சம் கிடக்கு. வந்து பாருங்கோ." இதையே அண்ணா திரும்பத் திரும்பச் சொன்னார். ஐயா என்று அவர் ஒருவரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வெளியில் வந்து என்னிடம்: "நீ பக்கத்திலதானே இருந்தனீ. அவ குடிக்கிறாவோ எண்டு பாக்கேல்லையோ?"

"கவனிக்கேல்லை அண்ணா."

பொய்.

பின்னேரம், மகனும் மனைவியும் மருந்து எடுக்கப் போன நேரம், அன்ரி என் கையைப் பிடித்தார். நெற்றியில் பிளாஸ்ரர்.

"ஏன் பிள்ளை அழுறீர்?"

மற்றக் கையால் முகத்தைத் துடைத்தேன்.

"நீரும்தானே ஒண்டும் குடிக்கேல்லை. நான் பாத்தனான்." பிறகு மெதுவாக, "மகனுக்குச் சொல்லிப்போடாதையும். வெக்கக்கேடு."

பெப்ரவரி 3, திங்கள்

அன்ரி நேற்றுக் கொழும்புக்குப் போய்விட்டார். நடக்கிறார், சுகம். மனைவி அனுப்பிய தகவல்.

ஏஜன்ர் போனில்: "இப்போதைக்கு ஆக்களை அனுப்ப ஏலாது. என்ன திருத்தினனீங்கள் எண்டு எழுதி அனுப்புங்கோ. பிறகு பாப்பம்."

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். "அந்த எஞ்சின் இருந்திருந்தா…" என்று தொடங்கி அண்ணாவின் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டார். அண்ணா சோற்றைப் பிசைந்தபடியே விட்டுவிட்டு எழும்பினார்.

அண்ணா கண்டுபிடித்த திருத்தம்: கூடாரத்துக்குக் காத்தாடி. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆக்களை ஏற்றுவதில்லை. "வயசுபோனவைக்குத் தாகம் தெரியாதாம். நீ இதை நல்ல இங்கிலீசில எழுதி அனுப்பு."

ஒரு வரி அடித்தேன். அழித்தேன். தாகம் தெரியாதவர் ஏன் உதட்டைத் தடவினார்? அவருடைய வயதிலா பிழை?

இந்த ஈமெயில் போனால் அடுத்த முறையும் இப்படித்தான். வேறு ஒரு அன்ரி. அல்லது வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி. அல்லது ஒருவருமே வராமல் ஜீப் துருப்பிடிக்கும், அண்ணா மற்றவர்களின் படகில் கூலிக்குப் போவார்.

"அனுப்பிட்டியோ?" என்று வெளியில் இருந்து கேட்டார்.

"கரண்ட் இல்லை."

தலைக்கு மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். சந்தியில் கொடி. பாதிக் கடை பூட்டு. சின்ன வெங்காயம் கிடைக்கவில்லை.

கிணற்றடியில் மச்சாளிடம் சொன்னேன். எல்லாவற்றையும். துவாயை மடித்து வைத்ததையும்.

"உங்கட மனிசன்தானே. நீங்கள் சொல்லுங்கோ மச்சாள்."

"என்ர மனிசன்தான். அதுக்காக? இருட்டினபிறகு வளவுக்குள்ள ஒதுங்கப் போறதெண்டாலே 'கோழியைப் பாத்திட்டு வாறன்' எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லுறன்."

"எங்கட வீட்டில கோழி இல்லையே."

"அவருக்கும் தெரியும் இல்லையெண்டு!"

சிரித்துச் சிரித்து வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்டைக்கு நான் குடிக்காததாலயும்தானே தாங்கியை வெட்டினவை. நான்தான் முதல் சொல்லியிருக்க வேணும். ஆனா என்னால ஏலாது. நீ போ."

படிச்சனீ என்று அவள் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

பெப்ரவரி 5, புதன்

காற்று கூட. சைக்கிளை உழக்கிப் போக வழியில் இரண்டு தரம் இறங்கி நின்றேன். காற்றினால் மட்டும் இல்லை.

கராசில் அண்ணா ஜீப்பின் கீழே. கால் இரண்டும் மட்டும் வெளியில். முகம் தெரியாதது நல்லது. கால்களுக்குச் சொன்னேன்.

"அண்ணா."

"ம்."

"ஜீப்பில கக்கூசு இல்லை."

ஸ்பனர் சத்தம் நின்றது.

"அதாலதான் அன்ரி குடிக்கேல்லை. அண்டைக்கு நானும் குடிக்கேல்லை, மச்சாளும் குடிக்கேல்லை. அதாலதான் தண்ணி மிச்சம் வந்தது. தாங்கி பெரிசில்லை. எனக்கு முதல் நாளே தெரியும்."

பக்கத்து ரயர்க் கடைக்காரர் வானொலியைக் குறைத்தார். ரமீஸ் நானா வெல்டிங் கண்ணாடியைக் கழற்றவே இல்லை, அதற்குள்ளேயே நின்றார்.

அண்ணா மெல்ல வெளியில் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கையில் கிறீஸைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முதல் நாளே தெரியுமெண்டால்," என்றார். பிறகு, "நான் எஞ்சினை வித்தனான்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால், ஒரு அறை தந்திருந்தால் நல்லது.

"ஓம் அண்ணா," என்றேன்.

ரமீஸ் நானாதான் கடைசியில் வாய் திறந்தார். "படகில போற ஆக்கள்தானே நாங்க. ஓரத்தில நிண்டிட்டு…" மிச்சத்தை விழுங்கினார். உள்ளே போய்க் கால் உடைந்த பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவை வட்டமாக அறுத்தார். இரும்புக் குழாயில் கால் வெட்டவேண்டும். எவ்வளவு உயரம்? இரண்டு ஆம்பிளைகளும் கதிரையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"வீட்டில கேட்டு அளவு எடுத்துக்கொண்டு வருவமோ," என்றார் அண்ணா, நிலத்தைப் பார்த்து.

"நான் அதில இருந்து காட்டுறன். வையுங்கோ."

கல் அடுக்கி அதன்மேல் கதிரையை வைத்தார்கள். றோட்டு திறந்தபடி. சைக்கிளில் போன எங்கள் கோயில் பங்கு ஆள் ஒருவர் கால் ஊன்றி நின்று பார்த்தார். ரயர்க் கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். கதிரையில் ஏறி இருந்தேன். முகமெல்லாம் கொதித்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, முழங்காலில் வைத்தேன்.

"பதிவு, உயரம் குறைவு. அன்ரி மாதிரி ஆக்கள் எழும்பமாட்டினம். இன்னும் ரெண்டு கல்லு வையுங்கோ."

வைத்தார்கள்.

"இந்தப் பக்கம் பிடிக்க ஒரு கம்பி. சுத்தித் தறப்பாள், கீழ மணல்வரைக்கும் வரவேணும், காத்துக்குத் தூக்கக் கூடாது. உள்ளுக்கிருந்து கொழுவ வேணும். கழுவத் தண்ணிக்குத் தனித் தாங்கி. பழைய அளவில."

ரமீஸ் நானா சோக்கால் நிலத்தில் குறித்தார். அண்ணா குனிந்து கம்பி வரவேண்டிய இடத்தில் தன் கையை நீட்டிப் பிடித்தார்.

"இதிலயோ?"

"கொஞ்சம் முன்னுக்கு."

"வேற?"

"இருக்கு," என்றேன். எழும்பவில்லை.