கடைசி மீதி

ஆம்பூர்
10.1.1999

கர்த்தருக்குள் பிரியமான கிருபைக்கு,

நலம். உனக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி மாறிற்றா? நான் பள்ளிக்கூடம் விட்டதும் நயீம் அகமதுவின் தோல் கம்பெனிக்குப் போய்விடுகிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் எண் ஓடுகிறது. கரண்ட் போனாலும் அங்கே ஜெனரேட்டர் உண்டு. இரண்டை இரண்டாலேயே எழுபது லட்சத்துச் சொச்சம் தடவை பெருக்கி ஒன்றைக் கழித்த எண் அது. எழுதினால் இருபது லட்சம் இலக்கம் தாண்டும். எதாலும் வகுபடாத பகா எண்தானா என்று சோதனையின் கடைசியில் நிற்கும் மீதி சொல்லிவிடும். ஆம் என்றால், உலகத்திலேயே பெரிய பகா எண் நான் கண்டுபிடித்ததாகும். அப்புறம்தான் மஸ்கட் வருவேன். நர்ஸம்மா வீட்டுக்காரர் என்று மட்டும் பேர் வாங்க வரமாட்டேன்.

உன் கிறிஸ்துராஜ்


மஸ்கட்
28.1.1999

ஆம்பூர் வீட்டுக்காரருக்கு நர்ஸம்மாவின் ஸ்தோத்திரம்.

இங்குள்ள பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலைக்கு உங்களைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஜூன் வரை பொறுப்பார்களாம். மூன்று வருஷமாக உங்கள் கையெழுத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். பேரும் புகழும் எனக்கு வேண்டாம், நீங்கள் வந்தால் போதும். எண்ணை அங்கேயே ஓடவிட்டு வரமுடியாதா?

உங்கள் கிருபை


ஆம்பூர்
2.5.1999

பிரியமான கிருபைக்கு,

நான் பக்கத்தில் இல்லாவிட்டால் யாராவது கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள். அதனால்தான் வரவில்லை. நேற்று சோதனை முடிந்தது. "இன்னா சார், ஒரே பேஜாரா உக்காந்துட்டீங்க?" என்றார் நயீம். கடைசி மீதி பூஜ்ஜியம் இல்லை. இதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை.

கிறிஸ்துராஜ்


மஸ்கட்
17.5.1999

உலகத்திலேயே பெரிய வீட்டுக்காரருக்கு,

மீதி இருந்தால் வகுபடாது என்று நாலாம் வகுப்பில் படித்ததை நான் மறக்கவில்லை. உங்கள் எண் பகா எண்தான்! சந்தோஷத்தில் கை ஓடவில்லையாக்கும். நயீம் பாய்தான் அதைப் பேஜார் என்று தப்பாக நினைத்துவிட்டார். வார்டு முழுக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தேன். "ஒருவழியா உன் வீட்டுக்காரர் வர்றாரா?" என்று நம்ம வேலூர் அன்னம்மாள் அக்கா கட்டிக்கொண்டாள். நீங்கள் வருவதாகப் பள்ளியிலும் சொல்லிவிட்டேன். ரெட்டைக் கட்டில் வாங்கியாயிற்று.

உங்கள் கிருபை


ஆம்பூர்
1.6.1999

கிருபா,

நாலாம் வகுப்புக் கணக்கு இதற்குப் பொருந்தாது. இந்தச் சோதனையில் மீதி பூஜ்ஜியம் வந்தால்தான் பகா எண். வரவில்லை. அது வகுபடும். எதால் வகுபடும் என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. கட்டில் சமாச்சாரம் படித்து அழுதுவிட்டேன். ஆனாலும் அடுத்த எண்ணைப் போட்டுவிட்டேன், இது இன்னும் பெரிது. அடுத்த வருஷம் முடிந்துவிடும். பள்ளியில் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

கிறிஸ்துராஜ்


மஸ்கட்
20.6.1999

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

பள்ளியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். கட்டிலை அன்னம்மாள் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "உங்களுக்குள்ள இன்னாதான் ஆச்சு? நடுவுல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். பின்னே எதால் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வகுபடும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

இனிக் கடிதம் போட வேண்டாம்.

தேவகிருபை